ஆபரேஷன்தான் ஆயிற்றே, இன்னும் எதற்கு மாத்திரை?

இப்படி நினைத்து மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்த பெண்களில் இந்த மாதம் இவர் மூன்றாவது. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் இவருக்கு. அதனால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டான கட்டியை (சாக்லேட் சிஸ்ட்) போன வருடம் லேப்ராஸ்கோபியில் எடுத்தவர். பிறகு தினமும் போடச் சொன்ன டயனோஜெஸ்ட் 2 மி.கி. ஹார்மோன் மாத்திரையை இரண்டாவது மாதமே நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து மடித்து வைத்த கறுப்புச் சால்வையை எடுத்துக் காட்டினார். திடீரென்று லேசாக ரத்தம் கசிந்தால் (ஸ்பாட்டிங்) கறை தெரியாமலிருக்க, ஆபீஸ் நாற்காலியில் விரித்து உட்காருவதற்காம்.

"எப்ப ஸ்பாட்டிங் ஆகும்னே தெரியல டாக்டர். அதுக்கு மேல மேனேஜர், 'ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன லீவு'ங்கிறார். யோசிச்சா எனக்கும் அது சரின்னுதான் பட்டுது."

வலி பழையபடி வந்துவிட்டது. ஸ்கேனில் கட்டியும்.

எத்தனை தடவை சொல்வது? குடல்வாலை வெட்டினால் வெட்டியதோடு முடிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் அந்த ஜாதி இல்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் அறுவையில் எடுக்க முடியும். நோய்க்கான சுபாவம் உடம்பிலேயே இருக்கிறது. அறுவைக்குப் பிறகு 2 ஆண்டுகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கும், 5 ஆண்டுகளில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கும் திரும்புவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அதைத் தள்ளிப்போடத்தான் மாத்திரை. ஆபரேஷனுக்குப் போட்ட வால் இல்லை அது, சிகிச்சையில் பாதி. சர்க்கரை நோயாளியிடம் யாராவது, "போன வருஷம்தானே மாத்திரை சாப்பிட்டீங்க" என்று கேட்கிறோமா? குழந்தை பெற்றால் சரியாகிவிடும் என்பதும் இதே ரகம்தான். கர்ப்பத்தில் சிலருக்கு வலி அடங்கும், நோய் போய்விடாது.

ஸ்பாட்டிங் முதல் சில மாதங்கள் இருக்கும், பெரும்பாலும் போகப் போகக் குறையும். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, மாத்திரையை தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஷிப்ட் மாறினாலும் போன் அலாரம் மாறக் கூடாது. போட்ட 3, 4 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். மனசு காரணமில்லாமல் இருண்டுகொண்டே போனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். கருத்தடைக்கு இதை மட்டும் நம்பாதீர்கள்.

வலி மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். மீட்டிங் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் வெறும் வயிற்றில் இரண்டாக விழுங்குவது! வலி தலையெடுக்கும்போதே, சாப்பிட்டுவிட்டு, சொன்ன அளவு மட்டும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆபீஸில் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் தேவையைச் சொல்லுங்கள். 'வயிற்று வலி, 2 நாள் ஓய்வு' என்ற சான்றிதழ் ஒவ்வொரு மாதமும் போனால் யாருக்கும் சந்தேகம் வரும். அதற்குப் பதிலாக, நீண்டகால நோய், சிகிச்சை தொடர்கிறது, இடையிடையே எழுந்து போக அனுமதி வேண்டும், வலி நாட்களில் வீட்டிலிருந்து வேலை அல்லது நேரம் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அதை எழுத எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, தயங்காதீர்கள்.

இவருக்கும் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்து, மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். சால்வை இன்னும் மூன்று மாதம் பையிலேயே இருக்கட்டும் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார்.