சொல் விளக்கம்: இடுக்கு, இடுக்கி

ஆங்கிலத்தில் ‘கார்ஜ்’ (gorge) என்று எங்கே கண்டாலும் ‘பள்ளத்தாக்கு’ என்று எழுதிவிடுகிறோம். பள்ளத்தாக்கில் ஊர் இருக்கும், வயல் இருக்கும், ரயில்கூட ஓடும். கார்ஜில் ஆறு நுழைந்து போகத்தான் இடம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தொண்டை என்று பொருள். நமக்கு அது இடுக்கு.

அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு போல இடுங்கு–இடுக்கு. வெயிலில் கண் இடுங்கும். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வோம். பல்லிடுக்கு, கதவிடுக்கு, இண்டு இடுக்கு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கொதிக்கும் பாத்திரத்தை இறக்க அடுப்படியில் தேடுவோமே, அந்த இடுக்கியும்தான்.

மலையாளத்திலும் இடுக்கு இடுக்குத்தான். குறவன், குறத்தி என்ற இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே பெரியாறு நெருக்கிக்கொண்டு பாய்ந்த இடம் இடுக்கி. 1972-ல் மாவட்டத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1922-ல், வேட்டைக்கு வந்த எஸ்டேட் கண்காணிப்பாளர் டபிள்யூ. ஜே. ஜானுக்கு இந்த இடத்தைக் காட்டியவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். இங்கே அணை கட்டலாம் என்று 1932-ல் திருவிதாங்கூர் அரசுக்கு ஜான் அறிக்கை கொடுத்தார். மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 1976-ல்.

அணையின் உயரம் 555 அடி. வில்லாக வளைந்த சுவர், தண்ணீரின் அழுத்தத்தை இரு பக்க மலைகளின் மேல் தள்ளிவிடுகிறது. இடம் அகலமாக இருந்திருந்தால் இந்த வடிவம் சரிப்பட்டிருக்காது. இந்த வில்லணைக்கு மதகே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 2018 ஆகஸ்டில் ‘இடுக்கி அணை திறப்பு’ என்று டி.வி.யில் பார்த்த ஐந்து ஷட்டர்களும் பக்கத்துச் செறுதோணி அணையுடையவை.

பழைய இலக்கியத்தில் ‘விடர்’ உண்டு. அழகான சொல், ஆனால் மலைப்பிளவு, குகை இரண்டையும் குறிக்கும். கணவாய் என்பது மலையைக் கடக்கும் வழி. ஆகவே கார்ஜுக்கு என் ஓட்டு ‘மலையிடுக்கு’. ஆற்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘ஆற்றிடுக்கு’. சீனாவின் யாங்சி ஆற்றில் இருப்பதை ‘மூன்று பள்ளத்தாக்கு அணை’ என்று எழுதுகிறார்களே, அது ‘மூவிடுக்கு அணை’.