கல்லு மாதிரி காற்றடித்தால் சைக்கிள் வேகமாக ஓடுமா?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை. இன்னும் வெளிச்சம் வரவில்லை. பந்தயத்துக்கு வந்த சைக்கிள்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒரே பம்ப் கைமாறிக்கொண்டே இருக்கிறது. முள் 100-ஐத் தாண்டி 110-க்கு வருகிறது, அப்புறம் 120. ஒருவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்று திருப்தியாகச் சொல்கிறார். அடுத்தவரும் அதே அளவு அடித்துக்கொள்கிறார்.

பல வருடங்கள் நானும் அப்படித்தான் அடித்தேன். 23 மில்லிமீட்டர் அகல டயர், 120 பிஎஸ்ஐ காற்றழுத்தம். டயர் கடினமாக இருந்தால் குறைவாக நசுங்கும், குறைவாக நசுங்கினால் குறைந்த சக்தியில் உருளும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. வழவழப்பான இரும்பு உருளை மேல் டயரை ஓடவிட்டு அளந்தால் சரியென்றே வரும். நம் சாலையில்தான் வராது. ஏன் என்று புரிந்துகொள்ள, மிதிக்கிற சக்தி எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சமதளத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம், ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து ஓட்டினாலும், எதிரே இருக்கும் காற்றை விலக்கவே சுமார் 190 வாட் போய்விடும். டயர் உருள்வதற்கு, அது எந்த டயர் என்பதைப் பொறுத்து, 30 முதல் 55 வாட். செயினும் பேரிங்கும் தின்பது சில வாட். நல்ல பயிற்சி உள்ள ஓர் அமெச்சூர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பது 250 வாட் அளவில்தான் இருக்கும். காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருகிறது, ஃபிரேமால் வருவது கொஞ்சம்தான். முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தி ஓட்டப் பழகுவதற்குக் காசு கிடையாது. எந்தச் செலவுக்கும் முன்னால் அதைப் பழகிவிட வேண்டும்.

ஆனால் நாங்கள் காசு செலவழிப்பது பெரும்பாலும் எடைக்காக. கடையில் வண்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்ததுமே மனம் அதில் விழுந்துவிடும். தொழில்முறைப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் 2000-ல் விதி கொண்டுவந்தது. அந்த எண்ணை நோக்கி வண்டியை இளைக்க வைக்க லட்சங்கள் செலவழிப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால், சமதளத்தில் ஒரு கிலோ குறைந்தால் கிடைப்பது அரை வாட்கூட இல்லை. மலையில் கதை வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற செங்குத்தான ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஏறுகிறவருக்கு, ஒரு கிலோ குறைந்தால் அரை நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். மலைப் பந்தயத்தில் அது பெரிய வித்தியாசம். கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு அந்தப் பணத்தால் பயன் இல்லை.

டயர் அப்படி இல்லை. பஞ்சர் ஆகாது என்று சொல்லி விற்கப்படும் தடித்த பயிற்சி டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் இடையே, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 20 வாட் வித்தியாசம் வருவது சாதாரணம். சமதளத்தில் அது மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகம். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால், காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். டயரின் செலவோ அப்படியே இருக்கும். யார் பின்னால் பதுங்கினாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

சரி, டயரில் என்னதான் நடக்கிறது?

ஒரு ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுங்கள். அது ஒரு மீட்டர் எழும்புவதில்லை. நசுக்கும்போது ரப்பர் வாங்கிக்கொண்ட சக்தியை முழுதாகத் திருப்பித் தருவதில்லை, மீதி சூடாகிப் போகிறது. பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்திருப்பீர்கள். ரப்பருக்கும் அதே தயக்கம் உண்டு. சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 36 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் ஒவ்வொரு இடமும் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை தரையில் பட்டு, நசுங்கி, விரிகிறது. 100 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் 47,000 முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி சூடாகப் போகிறது. உருளும் தடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். தரையோடு உரசுவதால் வருவது மிகக் குறைவு.

அதனால் ரப்பரும் அதன் உள்ளே இருக்கும் நூலிழையும் எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு துள்ளலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டியூபுக்கும் இது பொருந்தும். சாதாரண டியூப் பியூட்டைல் ரப்பரால் ஆனது. காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் துள்ளாத மந்தமான ரப்பர். லேடெக்ஸ் டியூப் என்பது குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைச் சீவி எடுக்கிறார்களே, அதே ரப்பர் பாலிலிருந்து வருவது. நன்றாகத் துள்ளும், சக்தியைக் குறைவாகவே தின்னும். ஒரு ராத்திரியிலேயே காற்றுக் கணிசமாக இறங்கிவிடும் என்பதால் தினமும் காலையில் அடிக்க வேண்டும். பந்தயத்துக்கு முன் எப்படியும் அடிக்கத்தானே போகிறோம்.

இப்போது அகலம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த கல்லூரித் தம்பி ஒருவன் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, 28 போட்டா ஸ்லோ ஆயிடாதா?" என்று கேட்டான். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டாம்ப் பேட் மையை டயரில் தடவினேன். தரையில் வெள்ளைத் தாளை வைத்து, பின்சக்கரத்தை அதன்மேல் இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அவனையே உட்கார வைத்தேன். முதலில் 23 டயர், பிறகு 28. இரண்டிலும் ஒரே 90 பிஎஸ்ஐ. இரண்டு மைத்தடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 23-இன் தடம் புளியங்கொட்டையை நீட்டி இழுத்ததுபோல் ஒல்லியாக, நீளமாக இருந்தது. 28-இன் தடம் குட்டையாக, அகலமாக இருந்தது. பரப்பளவு ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும். பின்சக்கரத்தில் 44 கிலோ, 80 பிஎஸ்ஐ என்றால் சுமார் 8 சதுர சென்டிமீட்டர். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுத்தடுத்து வைத்தால் வரும் இடம். நம் உயிரைத் தாங்கிக்கொண்டு வளைவில் திரும்புவது அந்த இடம்தான். அழுத்தம் ஒன்றானால் பரப்பு மாறாது, வடிவம் மட்டும் மாறும். நீளமான தடம் என்றால் டயர் ஆழமாக நசுங்கி, பக்கச்சுவர் அதிகம் வளைந்திருக்கிறது என்று பொருள். குட்டையான தடம் என்றால் வளைவு குறைவு, சூடாகிப் போகும் சக்தியும் குறைவு. அதே அழுத்தத்தில் அகல டயர் எளிதாக உருள்வதற்குக் காரணம் இதுதான். தம்பி இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

இதோடு முடிந்திருந்தால் அகல டயரிலும் கல்லு மாதிரி காற்றடித்துவிட்டுப் போகலாம். ஆனால் பாதிக் கணக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

கட்டை வண்டியையும் டயர் வண்டியையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டிச் சக்கரம் கொஞ்சமும் நசுங்காது. நசுங்குவதுதான் நஷ்டம் என்றால் அதுதான் உலகிலேயே இலகுவாக ஓட வேண்டும். ஆனால் அதே மாடுகள் டயர் வண்டியில் கூடுதல் பாரத்தை இழுத்துப் போகும். இரும்புச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் மொத்த வண்டியையும் பாரத்தையும் தூக்கிப் போடுகிறது. டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே போகிறது.

1887-88-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் கண்டதும் இதைத்தான். மகனுடைய மூன்று சக்கர வண்டி கெட்டி ரப்பர் சக்கரத்தோடு கல் பாவிய தெருவில் தடதடவென்று குலுங்கியது. அவர் ஒரு மரத்தட்டைச் சுற்றிக் காற்றடைத்த ரப்பர் குழாயைக் கட்டி, அதையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியில் விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் மறுமுனை வரை போய் மோதித் திரும்பியது. 1889 மே 18 அன்று, வில்லி ஹியூம் என்ற உள்ளூர்ப் பந்தய வீரர் அந்தக் குண்டு டயர்களோடு பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் இறங்கி, நான்கு சைக்கிள் பந்தயங்களையும் ஜெயித்தார். அதன்பின் கெட்டி ரப்பர் டயருக்குப் பந்தயத்தில் இடமில்லாமல் போக அதிக காலம் ஆகவில்லை.

120 பிஎஸ்ஐ அடித்த ஒல்லி டயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டை வண்டிச் சக்கரத்தை நோக்கித் திரும்பிப் போகிறது. தார்ச்சாலை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் கிட்டத்தில் பார்த்தால் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும். கடினமான டயர் ஒவ்வொரு ஜல்லிக்கும் வண்டியையும் ஆளையும் நூலளவு தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வு தொடையிலும் வயிற்றிலும் தோளிலும் போய் அடங்கிச் சூடாகிறது. அதற்கான சக்தியைக் கொடுத்ததும் நம் கால்கள்தான். சோதனைச் சாவடிகளுக்கு முன்னால் வரிவரியாக வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்களே, அவற்றின்மேல் மிதிக்காமல் உருண்டு போய்ப் பாருங்கள். மீட்டரில் வேகம் சட்டென்று இறங்குவது தெரியும். அதே நஷ்டம் சின்ன அளவில் சாலை முழுக்க நடந்துகொண்டிருக்கிறது.

இரும்பு உருளைச் சோதனையில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், உருளையும் வழவழப்பு, மேலே குலுங்க உடம்பும் இல்லை. சாலையில் அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அழுத்தத்தைக் கூட்டக் கூட்டத் தடை மெல்லக் குறைகிறது, ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று ஏறுகிறது. சாலை எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு சீக்கிரம் அந்தத் திருப்பம் வந்துவிடும். கொஞ்சம் குறைவாக அடித்தால் சிறிய நஷ்டம், கொஞ்சம் அதிகமாக அடித்தால் பெரிய நஷ்டம். மரப்பலகை போட்ட உள்ளரங்கத் தடத்தில் ஓடுகிறவர்கள் இன்றும் மிக அதிக அழுத்தம் வைப்பது சரிதான். அவர்கள் தளத்தில் ஜல்லி கிடையாது.

இத்தனை வருடங்கள் இது ஏன் நமக்கே தெரியவில்லை? உடம்பு ஏமாற்றுகிறது. கடினமான டயரில் கையில் விறுவிறுவென்று அதிர்வு ஏறும்போது வேகமாகப் போவதுபோல் தோன்றும். காற்றைக் குறைத்தால் அந்த விறுவிறுப்பு அடங்கிவிடும், வண்டி மந்தமாகிவிட்டதுபோல் இருக்கும். நான் 28-க்கு மாறிய முதல் வாரம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். மீட்டரைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. நீங்களும் அளந்து பார்க்கலாம். போக்குவரத்து இல்லாத ஒரு சரிவு, காற்று வீசாத விடிகாலை, ஒரே உடை, ஒரே குனிவு. ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு வந்து, எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். அழுத்தத்தை மட்டும் பத்துப் பத்தாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்யுங்கள்.

தொழில்முறை வீரர்களும் 23-லிருந்து 25, 28 என்று ஏறி, இப்போது 30-ஐ எட்டியிருக்கிறார்கள். சாலைப் பந்தயங்களில் 2018-ல் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கிடைத்ததும் இதற்கு உதவியது. பழைய ரிம் பிரேக்கின் கைகளுக்கிடையே அகல டயர் நுழையாது. பழைய ஃபிரேம் வைத்திருப்பவர்கள் 28 வாங்கும் முன், டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே இடமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரிம்மைவிட டயர் ரொம்பப் பிதுங்கி நின்றால் காற்றுத் தடை கூடும் என்பதும் உண்மை.

டயரில் பட்டனே இல்லையே, மழையில் வழுக்காதா என்று தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் என்னிடம் கேட்டிருக்கிறார். காருக்கு அது நியாயமான பயம். சைக்கிள் டயரோ ஒல்லி, உள்ளே அழுத்தமும் அதிகம், தண்ணீரைப் பக்கவாட்டில் தானே பிதுக்கித் தள்ளிவிடும். மழையில் பிடிப்பைத் தருவது நல்ல ரப்பர்தான்.

எவ்வளவுதான் அடிப்பது? 70 கிலோ எடை, 28 டயர், சுமாரான தார்ச்சாலை என்றால் பின்னால் 75, முன்னால் 70 என்று தொடங்கி இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் ரிம் தரையில் இடித்து, பாம்பு கடித்ததுபோல் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். கொக்கி விளிம்பு இல்லாத புதுவகை ரிம்களில் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் கட்டாயம் அடிக்கக் கூடாது, டயர் கழன்றுவிடும். உங்கள் ரிம்மில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் எல்லை. நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை 30 டிகிரியில் 75 அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் 81 ஆகிவிடும். பம்பின் முள்ளை முழுதாக நம்ப வேண்டாம். கையடக்கமான தனி அளவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

என் பம்பின் கழுத்தில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்: முன் 68, பின் 72, மழை என்றால் ஐந்து குறை. போன மாதம் விடியற்காலையில் பம்ப் கைமாறிக்கொண்டிருந்தபோது, அந்தத் தம்பி அதற்குக் கீழே தன் எடைக்கு வேறு இரண்டு எண்களை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.