கள்ளக்கிறிஸ்து: சொல் விளக்கம்

தன்னையே கிறிஸ்து என்று சொல்லிக்கொண்டு மக்களைத் தன் பின்னால் இழுப்பவன் கள்ளக்கிறிஸ்து. பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழும் சொல்தான். ஆனால் புதிய ஏற்பாட்டில் மத்தேயு 24:24, மாற்கு 13:22 என்ற இரண்டே இடங்களில்தான் வருகிறது. கிரேக்கத்தில் 'ப்சூடோகிறிஸ்டோஸ்'. 'ப்சூடோ' என்றால் பொய்.

பின்பாதியான 'கிறிஸ்து'வில்தான் கதை அதிகம். 'மாஷியாஹ்' என்ற எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தால் 'கிறிஸ்டோஸ்'. ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் 'மெசியாஸ்', நமக்கு மேசியா. பழைய தமிழ் வேதாகமம் 'அபிஷேகம்பண்ணப்பட்டவர்' என்கிறது, கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியம் 'அருள்பொழிவு பெற்றவர்' என்கிறது. இரண்டும் நல்ல தமிழாக்கங்களே. இஸ்ரவேலில் அரசர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் தலையில் எண்ணெய் ஊற்றுவது வழக்கம் என்பதால், முதலில் இது ஒரே ஒருவருக்கான பட்டமாக இருக்கவில்லை. யூதரல்லாத பாரசீக அரசன் கோரேசைக்கூட ஏசாயா 45:1 இதே சொல்லால்தான் குறிக்கிறது. அமெரிக்காவில் ஒரு மதக்குழுவின் தலைவரான வெர்னன் ஹவெல் என்பவர் 1990-இல் தன் பெயரை டேவிட் கோரெஷ் என்று மாற்றிக்கொண்டார். டேவிட் என்றால் தாவீது அரசன், கோரெஷ் என்றால் அந்தக் கோரேஸ். தாவீது ஒரு மேசியா, கோரேஸ் இன்னொரு மேசியா. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்! 1993 ஏப்ரல் 19 அன்று டெக்சாஸின் வேக்கோ அருகே, முற்றுகையில் இருந்த அவருடைய குடியிருப்பு தீப்பற்றி எரிந்ததில் அவரோடு 70-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேத அறிவு இல்லாதவனால் இப்படி ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏமாற்றுபவனுக்கும் வசனம் தெரியும்.

இனி முன்பாதி. திருவிவிலியம் 'போலி மெசியா' என்று எழுதுகிறது. படித்த உடனே புரிகிற சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு 'கள்ள'தான் பிடிக்கிறது. போலி என்றால் அசலைப் போல இருப்பது, அவ்வளவுதான். கள்ளம் என்றால் உள்ளே ஒரு சூது இருக்கிறது. கள்ளநோட்டு, கள்ளக்கணக்கு என்கிறோமே, அந்தக் கள்ளம். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் கள்ளத்தீர்க்கதரிசி, கள்ளப்போதகர், கள்ள அப்போஸ்தலர், கள்ளச்சகோதரர் என்று ஒரே சீராக எழுதிப் போயிருக்கிறார்கள். கிரேக்கத்திலும் இந்த நான்கும் 'ப்சூடோ'வில் தொடங்குபவைதான்.

பொய் என்பதை யூத மரபு ஒரு மனிதனின் பெயரிலேயே ஏற்றியது. கி.பி. 132-இல் ரோமருக்கு எதிராகக் கிளம்பிய சிமியோனை, யூத வேத ஆசிரியரான ரபி அக்கிவா மேசியா என்றே ஏற்றுக்கொண்டார். 'பார் கோக்பா', விண்மீனின் மகன், என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 135-இல் கலகம் நசுக்கப்பட்டது. அப்புறம் வந்த ரபிகள் அவரை 'பார் கோசிபா' என்றார்கள்: பொய்யின் மகன்.

கள்ளக்கிறிஸ்துவையும் அந்திக்கிறிஸ்துவையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அந்திக்கிறிஸ்து யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும் வருகிற சொல். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் கிடையாது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் பேசுவது 'பாவமனுஷன்' பற்றி. இதில் வரும் 'அந்தி' மாலை நேரமும் அல்ல, அந்திய காலமும் அல்ல. 'எதிரான' என்றும் 'பதிலான' என்றும் பொருள்படும் 'ஆன்டி' என்ற கிரேக்க முன்னொட்டு. 'எதிர்க்கிறிஸ்து' என்ற திருவிவிலியத்தின் சொல் இங்கே தெளிவானது, தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தான்தான் கிறிஸ்து என்பவன் கள்ளக்கிறிஸ்து. இயேசு கிறிஸ்து அல்ல என்று மறுதலிப்பவனை யோவான் (1 யோவான் 2:22) அந்திக்கிறிஸ்து என்கிறார். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? 'சோதித்தறியுங்கள்' என்கிறது 1 யோவான் 4:1. நாணயத்தையும் உலோகத்தையும் உரசிப் பார்ப்பதற்குக் கிரேக்கர் சொன்ன சொல் அது. அற்புதம் நடந்தால் ஆள் உண்மையானவர் என்ற கணக்கு இங்கே செல்லாது. கள்ளக்கிறிஸ்துகளே பெரிய அடையாளங்களைச் செய்வார்கள் என்றுதான் மத்தேயு சொல்கிறார். உபாகமம் 13-ஆம் அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: சொன்ன அடையாளம் அப்படியே பலித்தாலும், வேறு தேவர்களிடம் போகச் சொன்னால் அவனுக்குச் செவிகொடுக்காதே. இயேசுவின் மலைப்பிரசங்கம் கனிகளை, அதாவது ஆளின் செயல்களை, பார்க்கச் சொல்கிறது.

ஆதித் திருச்சபையின் கையேடான திதாக்கே இதைக் காசுக் கணக்காகவே எழுதிவைத்தது. ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இன்னொரு நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு ரொட்டி வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து விருந்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னவர் அந்த விருந்தில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால், அவரும் கள்ளத்தீர்க்கதரிசிதான். இல்லாதவர்களுக்காகக் கொடுங்கள் என்று கேட்பவரை மட்டும் யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்கிறது திதாக்கே.