டெக்கான் டிராப்: பொறியா, படியா?

டைனோசர்களின் அழிவைப் பற்றி எதைப் படித்தாலும் டெக்கான் டிராப் என்ற பெயர் வந்துவிடும். தக்காணத்தில் லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, பரவி உறைந்த பாறைப் பரப்பு அது. அதற்கும் முந்தைய பேரழிவைப் பற்றிப் படித்தால் சைபீரியன் டிராப். இந்த 'டிராப்'பை ஆங்கில அகராதி பார்த்துப் பெயர்த்தால் 'தக்காணப் பொறி' என்றுதான் வரும். தமிழில் பொறிக்குத் தீப்பொறி என்ற பொருளும் இருப்பதால், எரிமலைப் பேச்சில் அது சரி போலவே தோன்றும். ஆனால் எலிப்பொறி, தீப்பொறி இரண்டுக்கும் இந்தச் சொல்லோடு உறவு கிடையாது.

ஸ்வீடிஷ் மொழியில் 'டிராப்பா' என்றால் படிக்கட்டு. கறுத்து, படிப்படியாக உடைந்து நிற்கும் பாறைகளுக்கு அங்கிருந்த கனிமவியலாளர்கள் 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. 'டெக்கான்' வடமொழித் தட்சிணம், பிராகிருதத்தின் தக்கிணம் வழியாக வந்தது; தெற்கு என்று பொருள்.

மும்பையிலிருந்து புனேவுக்கு மலையேறும் ரயிலில் உட்கார்ந்தால் பெயர்க் காரணம் ஜன்னலிலேயே தெரியும். எதிர்ப்பக்க மலைகள் உச்சியில் தட்டையாக, பக்கவாட்டில் படி வெட்டியதுபோல் இருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் ஓடி உறைந்த லாவா. அதன் அடிப்பகுதி இறுகிப்போய்ச் செங்குத்தாக நிற்கும். மேற்பகுதியில் வாயுக் குமிழிகள் விட்டுப்போன ஓட்டைகள் நிறைய இருப்பதால் மழையில் சீக்கிரம் கரைந்து சரியும். இது மாறி மாறி வந்தால் படிக்கட்டுதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இப்படி அடுக்கிய தடிமன் சுமார் 2 கிலோமீட்டர். எல்லோராவையும் எலிபெண்டாவையும் குடைந்தது இந்தப் பாறையில்தான்.

கூம்பு வடிவ மலையின் வாயிலிருந்து தீ கக்கும் படத்தை இங்கே மறந்துவிட வேண்டும். நிலம் நீளமாகப் பிளந்து, அந்தப் பிளவு வழியே பாறைக்குழம்பு வழிந்து பரவியது. ஐஸ்லாந்தின் லாக்கியில் 1783இல் அப்படி ஒரு பிளவு திறந்தது. சுமார் 27 கிலோமீட்டர் நீளம். எட்டு மாதங்களில் ஏறக்குறைய 15 கன கிலோமீட்டர் லாவா. அதன் நச்சு வாயுவாலும் பின்வந்த பஞ்சத்தாலும் அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். தக்காணத்திலோ ஒரே ஓட்டத்தில் ஆயிரம் கன கிலோமீட்டர் வந்ததுண்டு. ஆந்திராவின் ராஜமுந்திரி அருகே கிடக்கும் லாவாவும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவந்திருக்கிறது.

இதெல்லாம் நடந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியாவைச் சுமந்த புவித்தட்டு அப்போது வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. வழியில், பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஓர் இடத்தைக் கடந்தது. இன்று அந்தச் சூடு ரியூனியன் தீவின் எரிமலைக்குத் தீனி போடுகிறது.

படிகள் என்றால் நடுவே இடைவெளியும் இருக்க வேண்டுமே? இருக்கிறது, உயிர்களின் கதை அந்த இடைவெளிகளில்தான் கிடக்கிறது. ஒரு லாவா ஆறி, மண்ணாகி, ஏரி தேங்கி, மரம் முளைத்த பிறகு அடுத்தது வந்து மூடியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் குகுவாவில் பனைக் குடும்பத்து மரங்கள் கல்லாகிக் கிடப்பது அப்படித்தான். இத்தகைய அடுக்குகளின் தாவரங்களை ஆராய்ந்ததில் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னியின் பங்கு பெரியது. மும்பை வொர்லியில் சின்னஞ்சிறு தவளைகளே கிடைத்திருக்கின்றன. லாவா வந்தால் எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிடும் என்ற எண்ணத்தை அந்தத் தவளைகள் கொஞ்சம் அசைத்துப் பார்க்கின்றன.

டைனோசர்களைக் கொன்றது மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விழுந்த விண்கல் என்பதே பெரும்பாலோர் முடிவு. தக்காணத்தின் பங்கு எவ்வளவு என்ற வாக்குவாதம் ஓயவில்லை. சைபீரியாவில் அந்தச் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பாறைக்குழம்பு நிலக்கரிப் படுகைகளுக்குள்ளும் உப்புப் படுகைகளுக்குள்ளும் புகுந்து அவற்றையும் சுட்டது. வந்த கரியமில வாயுவில் கடல் சூடேறி, அமிலமாகி, ஆக்சிஜன் இழந்தது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் போயின. டிரைலோபைட்டுகள் என்ற ஓடு மூடிய பழங்காலக் கடலுயிர்கள் முழுக்க ஒழிந்தன. லாவாவின் அளவைவிட, எவ்வளவு வேகமாக வந்தது, எதன் வழியாக வந்தது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இப்படிப்பட்ட அழிவு சிலருக்கு வழியும் விட்டது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் பாஞ்சியா என்ற ஒற்றைப் பெருங்கண்டம் பிளந்து அட்லாண்டிக் பிறக்கத் தொடங்கியபோதும் இப்படி லாவா வழிந்தது. முதலைக் குலத்தின் பெரிய உறவினர்கள் பலர் அதில் மறைந்தார்கள். காலியான இடத்தை டைனோசர்கள் பிடித்துக்கொண்டன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'படிப்பாறை' என்று வைக்கலாம்தான். ஆனால் மணலும் வண்டலும் படிந்து உருவாவதைப் 'படிவுப் பாறை' என்று பாடநூல்கள் சொல்லிப் பழக்கிவிட்டன. ஒரு 'வு' விட்டுப்போனால் பொருள் தலைகீழாகிவிடும். அதனால் 'படிக்கட்டுப் பாறை' பாதுகாப்பு. டெக்கான் டிராப்பைத் 'தக்காணப் படிக்கட்டுப் பாறைகள்' எனலாம். நடுவில் சிக்கிய அடுக்குகளை 'படியிடை அடுக்குகள்' எனலாம்.

இந்த லாவா உறைந்த பாறைக்குப் பசால்ட் என்று பெயர்; அதைக் 'கருங்கல்' ஆக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அம்மிக்கும் கோயில் தூணுக்கும் வெட்டும் கருங்கல் பெரும்பாலும் வேறு வகைப் பாறை, லாவா அல்ல. கரிசல் மண்ணிலும் இதே குழப்பம் உண்டு. மகாராஷ்டிரக் கரிசல் இந்தப் படிக்கட்டுப் பாறை சிதைந்து வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு அடியில் டெக்கான் டிராப் இல்லை.