ஆப்னியா: குறட்டைக்கு நடுவே வரும் மௌனம்

அப்பா குறட்டை விடும்வரை அம்மா நிம்மதியாகத் தூங்குவார். குறட்டை சட்டென்று நின்றால்தான் பதறி எழுந்து அவர் தோளை உலுக்குவார். ஆப்னியா என்ற சொல்லைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் சொன்னபோது, அம்மா பயந்தது சரியான இடத்தில்தான் என்று புரிந்தது. அந்தச் சொல் குறிப்பது சத்தத்தை அல்ல, சத்தம் நின்றுபோகும் அந்த நேரத்தை.

இது கிரேக்கச் சொல். முன்னால் இருக்கும் 'அ' இன்மையைக் காட்டும். பின்பாதி மூச்சைக் குறிக்கும். நம் 'அநீதி', 'அசுத்தம்' போன்ற சொற்களில் வரும் 'அ'வும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, நேர்ப்பொருள் 'மூச்சின்மை'. பெரியவர்களுக்குக் குறைந்தது 10 விநாடி மூச்சோட்டம் நின்றால்தான் மருத்துவத்தில் அதை ஆப்னியா என்று கணக்கிடுவார்கள்.

தமிழில் இதைப் பலரும் 'தூக்கத்தில் மூச்சுத்திணறல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திணறல் என்றால் மூச்சு விடச் சிரமப்படுவது. அதை அனுபவிப்பவருக்கே தெரியும். அதற்கு டிஸ்ப்னியா என்று வேறு சொல் இருக்கிறது. ஆப்னியா உள்ளவரோ பெரும்பாலும் எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பார். 'எனக்குத்தான் திணறலே இல்லையே' என்று அவர் மருத்துவரிடம் போகாமலே இருந்துவிட, இந்தத் தவறான பெயரே காரணமாகலாம். 'மூச்சடைப்பு' என்பதும் முழுதாகப் பொருந்தாது. மூளை கட்டளை அனுப்பாததால் மூச்சு நிற்கும் வகையும் உண்டு. அதில் அடைப்பே கிடையாது. அதனால் பொதுப்பெயர் 'உறக்க மூச்சின்மை' என்றும், தொண்டை அடைபடுவதால் வருவது 'அடைப்புவகை உறக்க மூச்சின்மை' என்றும் இருப்பது நல்லது. வீட்டில் பேசும்போது 'தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருது' என்றாலே போதும்.

படுக்கும் நிலைகளுக்கு மட்டும் நாம் சொல் தேடவே வேண்டாம். மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என எல்லாமே இருக்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கும் பின்பக்கம் சரியும். தூக்கத்தில் தொண்டைத் தசையும் தளர்வதால் காற்றுப்பாதை மூடிக்கொள்ளும். ஒருக்களித்துப் படுத்தால் அந்தச் சரிவு குறையும். சிலருக்கு மல்லாந்த நிலையில் மூச்சு நிற்பது மற்ற நிலைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். அவர்களுக்காகத்தான் பனியனின் முதுகில் டென்னிஸ் பந்தைத் தைத்துவிடும் பழைய உத்தி. புரண்டால் பந்து உறுத்தும், தானாகவே திரும்பிவிடுவார்கள். ஆனால் நாளடைவில் இதைக் கைவிடுபவர்களே அதிகம்.

நோய் கடுமையானால் நிலை மாற்றிப் படுத்தால் மட்டும் போதாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை, தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனையில் எண்ணுவார்கள். 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை. இதற்குச் சிகிச்சையாகத் தரும் கருவி சிபாப் (CPAP). அந்தப் பெயர் ஆங்கில எழுத்துச் சுருக்கம். தமிழில் 'தொடர் காற்றழுத்தக் கருவி' எனலாம். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் இதை அறிமுகப்படுத்தினார். முகமூடி வழியே வரும் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். முகமூடியைத் தாங்க முடியாதவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னே தள்ளி வைக்கும் பல் கவசம் இருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதும் இரவில் மதுவைத் தவிர்ப்பதும் பலருக்கு உதவும். குழந்தைகளுக்கு டான்சில் வீக்கம்தான் காரணம் என்றால் அறுவை சிகிச்சை செய்வார்கள்.

அப்பாவுக்கு இப்போது சிபாப். அறையில் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்தான். முதல் வாரம் முழுக்க அம்மா அந்த அமைதிக்கே பயந்து, நடுநடுவே எழுந்து அவர் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.