பிராஞ்ச் ஏஜென்ட்டின் கையில், டேக் நம் கையில்

"போன வெளியீட்டின் டேகிலிருந்து ஒரு பிராஞ்ச் போடு, அட்டவணைத் திருத்தம் அதில் இருக்கட்டும்." ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவின் நிகழ்ச்சிகளைத் தொகுத்துக் காட்ட, சிங்கப்பூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு செயலி எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரலில் (கோடில்) செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் கட்டளை எதுவும் தெரியாமலேயே, அவர்களில் ஒருவர் இந்த வரியை, சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம் தட்டச்சு செய்யலாம். டேக் என்பது ஒரு வெளியீட்டைக் குறித்துவைக்கும் பெயர், பிராஞ்ச் என்பது தனியாக வேலை செய்யப் பிரித்தெடுக்கும் கிளை. சில நொடிகளில் பிராஞ்ச் தயாராகிவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், ஏஜென்ட்டுக்கு எதில் உரிமை கொடுக்கலாம், எதில் கூடாது என்று முடிவு செய்ய முடியும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதும் குழு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருள் கைவிட்டுப் போனதால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது கிட். அதில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது பதிந்துவைத்த ஒவ்வொரு நிலைக்கும், அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே கணக்கிடப்படும் 40 எழுத்து அடையாளம் உண்டு. இனி, உங்கள் புராஜெக்டில் மறைந்திருக்கும் கிட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். புதிதாகப் போட்ட பிராஞ்சின் பெயரில் ஒரு குட்டி ஃபைல் இருக்கும். உள்ளே அந்த 40 எழுத்தும் ஒரு வரிமுடிவும், ஆக மொத்தம் 41 பைட்டுகள். பிராஞ்ச் என்பது அவ்வளவுதான். நிரல் கோடு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. நீங்கள் அடுத்த கமிட் போட்டதும் அந்த 41 பைட்டுகள் மாற்றி எழுதப்படுகின்றன.

டேக் பக்கத்து ஃபோல்டரில் இருக்கிறது. எளிய டேக் என்றால் அதுவும் இதே 41 பைட்டுதான். விளக்கத்தோடு போடும் டேக் என்றால் யார், எப்போது, எதற்காகப் போட்டார் என்ற குறிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளும். பிராஞ்ச் வேலையோடு நகரும், டேக் நகரக்கூடாது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. ஆனால் நகரவே முடியாதபடி கிட் டேகைப் பூட்டி வைப்பதில்லை. கட்டாயப்படுத்தினால் நகரும்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். ஏஜென்ட்டின் மூளையான மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) இந்த ஃபைல்களை நேரடியாகத் தொடுவதில்லை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற ஏற்பாட்டில், மாதிரிக்கு ஒரு கருவிப் பட்டியல் தரப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற வரையறை. நம் வரியைப் படித்த மாதிரி, பொருத்தமான கருவியைத் தேர்ந்து, ரெப்போவின் (புராஜெக்டின் கிட் களஞ்சியத்தின்) பெயர், புது பிராஞ்சின் பெயர், தொடங்கும் இடம் ஆகியவற்றை ஜேசன் என்ற, புரோகிராம்கள் படிக்கும் உரை வடிவில் எழுதித் தருகிறது. அதை வாங்கி உண்மையில் கிட்டை இயக்குவது ஒரு சாதாரண புரோகிராம். அது திருப்பித் தரும் பதிலைப் படித்துவிட்டு மாதிரி அடுத்த அடி எடுத்து வைக்கிறது.

தவறு பெரும்பாலும் நுழைவது 'போன வெளியீடு' போன்ற சொற்களில். எது போன வெளியீடு என்று பார்க்க ஏஜென்ட் டேக் பட்டியலைக் கேட்கும். கிட் இயல்பாக அதை அகரவரிசையில் தருகிறது. அந்த வரிசையில் 1.10 முன்னாலும் 1.9 பின்னாலும் வரும். கடைசியில் இருப்பதே புதியது என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டால் பழைய கோடின் மீது வேலை தொடங்கிவிடும். பதிப்பு எண் வரிசையில் கேட்கும் வசதி கிட்டிலேயே இருக்கிறது. கருவியை எழுதுபவர் அதை உள்ளேயே வைத்துவிட வேண்டும்.

தமிழில் பிராஞ்சுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட் அதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் 'பொங்கல்' என்பதில் உள்ள 'பொ'வை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக, அல்லது இரண்டையும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் ஒன்றுபோலவே தெரியும். கிட்டுக்கோ அவை வெவ்வேறு பைட்டுகள், ஆகவே வெவ்வேறு பெயர்கள். இருக்கும் பிராஞ்சின் பெயரை ஏஜென்ட் தானாக எழுதாமல், பட்டியலில் வந்ததை அப்படியே எடுக்கும்படி செய்வது நல்லது.

பிராஞ்சில் நேரும் பிழைகளைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பிராஞ்சை அழித்தால் போவது பெயர்தான். கமிட்டுகள் உடனே அழிவதில்லை. உங்கள் கணினியில் நடந்த வேலை என்றால் ரெஃப்லாக் என்ற பதிவேடு, எந்தப் பெயரும் சுட்டாத கமிட்டுகளின் தடத்தைக்கூட வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும்.

டேக் அப்படியல்ல, ஏனென்றால் அதை நம்பியிருப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் 6 இலக்க அஞ்சல் குறியீட்டைச் சத்தமில்லாமல் வேறு புளோக்குக்கு மாற்றிவிட்டால் என்ன ஆகும்? 2025 மார்ச்சில், கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப்பில் நடந்தது அதுதான். 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய 'சேஞ்ச்டு ஃபைல்ஸ்' என்ற கருவியின் பதிப்பு டேகுகளை, தாக்கியவர்கள் ஒரே தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பல இடங்களில் ரகசியச் சாவிகள் பில்ட் பதிவுகளில் (கோடைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும்போது எழுதப்படும் குறிப்புகளில்) கொட்டின. டேக் பெயருக்குப் பதிலாகக் கமிட்டின் முழு அடையாளத்தையே குறிப்பிட்டிருந்தவர்களை அந்தத் திருப்புதல் தொடவில்லை.

நல்லெண்ணத்தோடு டேகை 'சரிசெய்யும்' ஏஜென்ட்டும் இதே குழப்பத்தைச் சிறிய அளவில் உண்டாக்கும். ஏற்கெனவே இறக்கியவர் கணினியில் பழைய டேக் இருக்கும், புதிதாக இறக்குபவருக்குப் புதியது கிடைக்கும்: ஒரே பதிப்பு எண், இரண்டு கோடுகள்.

அதனால் என் கருத்தில், பிராஞ்ச் போடவும் கமிட் செய்யவும் ஏஜென்ட்டுக்குத் தாராளமாக உரிமை கொடுக்கலாம். மெயின் பிராஞ்சைப் பூட்டிவிடுங்கள். டேகைப் பொறுத்தவரை பார்க்கும் உரிமை போதும். 'இந்தக் கருவி அழிக்கக்கூடியது' என்று குறித்துவைக்கும் வசதி புரோட்டோகாலில் இருந்தாலும் அது வெறும் குறிப்புதான். உண்மையான தடையைக் கிட்ஹப் போன்ற சர்வரில்தான் போட வேண்டும், டேகுகளுக்கும் அங்கே விதி போடலாம். வெளியீட்டுக் குறிப்பை ஏஜென்ட் எழுதட்டும். டேகில் உங்கள் சொந்தச் சாவியால் கையொப்பமிடுவது நீங்களாக இருங்கள். அதற்கு முன், அது சுட்டும் கமிட்டும் நீங்கள் சோதித்த கமிட்டும் ஒன்றுதானா என்று அந்த 40 எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.