ஒரு ஓட்டும் ஒரு நோட்டீஸும்

போன மாதம் காரைக்குடியில் என் ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு தாய்மாமனும் மருமகனும் வந்தார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றைக் கூட்டாக எடுத்து நடத்தப்போகிறார்களாம். பான் கார்டு வாங்கும் அளவுக்கு ஒரு பத்திரம் போட்டால் போதும் என்றார் மாமா. "நமக்குள்ள எதுக்கு மாப்பிள்ளை வரி வரியா எழுதிக்கிட்டு?"

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வாஜ்பாய் ஞாபகம் வந்துவிடும்.

1996 மே மாதம் அவர் கட்சிக்கு 161 இடம். கூட வர ஆளில்லை, 13 நாளில் இறங்கினார். 1998-ல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அவர் கட்சி விடாமல் கேட்டுவந்த ராமர் கோயில், 370-வது பிரிவு நீக்கம், பொது சிவில் சட்டம் மூன்றும் அந்தக் கூட்டணியின் பொதுச் செயல்திட்டத்தில் இல்லை. என் தொழில் கண்ணுக்கு அது கெட்டிக்காரப் பத்திரம். எதைத் தொடமாட்டோம் என்று முதலிலேயே பேசி முடித்த கூட்டில் பாதிச் சண்டை வராது.

மீதிப் பாதி, விலகுவதில் வந்தது. 18 எம்.பி.க்கள் வைத்திருந்த அ.தி.மு.க. 1999 ஏப்ரலில் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17 ஓட்டெடுப்பில் 269-க்கு 270. ஒரே ஓட்டில் ஆட்சி போனது. அதே வருஷம் தேர்தலில் ஜெயித்து அக்டோபரில் மறுபடி பிரதமர் ஆனார். இந்தத் தடவை தமிழ்நாட்டிலிருந்து கூட நின்றது தி.மு.க. 2001 சட்டமன்றத் தேர்தலில் நம்ம காரைக்குடித் தொகுதியே அந்தக் கூட்டில் தாமரைக்குப் போனது. 2003 டிசம்பரில் தி.மு.க. வெளியேறியபோது டெல்லியில் நாற்காலி ஆடவில்லை. அடி விழுந்தது தேர்தலில்தான்: 2004-ல் பா.ஜ.க. திரும்ப அ.தி.மு.க.வோடு சேர, தமிழ்நாட்டின் 39 தொகுதியில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மாமாவுக்கு இதைத்தான் சொன்னேன். 1932-ம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி, எத்தனை காலத்துக்கு, எப்படி முடியும் என்று எழுதாத கூட்டு 'விருப்பம் உள்ளவரை' கூட்டு. 43-வது பிரிவுப்படி ஒரு பங்காளி மற்ற எல்லாருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும், கலைந்துவிடும். நம்பிக்கை ஓட்டுகூட வேண்டாம்! கலைந்ததைப் பொது அறிவிப்பாகச் சொல்லாதவரை சிமெண்ட் கடைக்காரர் பாக்கிக்கு இருவர் கழுத்தையும் பிடிக்கலாம். பதிவு செய்யாத கூட்டு என்றால் ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்கு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது; இது 69-வது பிரிவு. இதில் இருப்பதோ இரண்டே பேர். ஒருவர் போனால் மிச்சம் கூட்டே கிடையாது.

அந்தக் காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் பார்க்க, போன ஏஜெண்டுக்கே மூன்று வருஷம் என்று கெடு வைத்துச் சம்பளச்சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிய ஊர் இது. சொந்தக்காரர் என்றால் மட்டும் பேனா மூடிக்கொள்கிறது.

மாமா ஒன்றும் பேசாமல் பத்திர நகலை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போனார். எட்டு நாள் கழித்து மருமகன் தனியாக வந்தார். கண்ணாடிப் பலகை மேல் வைத்து வண்ணம் ஊற்றும் பூ அச்சுகள் பதினாலு இருக்கின்றனவாம், எல்லாம் தாத்தா காலத்தவை.

"பிரிஞ்சா அந்த அச்சு யாருக்கு சார்? அதையும் எழுதிருங்க. மாமாதான் கேக்கச் சொன்னாங்க."